கரையில் இறக்கப்பட்ட மன்னர்

கடலே இல்லாத ஊரில் துறைமுகம் எதற்கு என்று சிரிக்காதீர்கள். ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் ஆல்பிரெக்ட் என்ற குறுநில மன்னருக்கு அப்படி ஒன்று இருந்தது. அதில் படகுகள்தாம் இல்லை. கரையெல்லாம் வாத்துகள் உலாவின.

அந்த ஊரில் எக்பர்ட் என்றொரு வக்கீல். மந்திரி ஓடோவின் மைத்துனன் ஊர்ப் புல்வெளியை வளைத்துப் போட்டபோது, வழக்காடி அதை மீட்டுக் கொடுத்தவன். மந்திரிக்கு வயிறு எரிந்தது. "இவ்வளவு மூளையை நீதிமன்றத்தில் வீணடிக்கலாமா?" என்று மன்னரிடம் பாராட்டுவது போலப் பேசி, வக்கீலைத் துறைமுக அதிகாரியாக்கிவிட்டார். ஒரு மாதம் போனதும், துறைமுகம் இன்னும் காலிதான் என்று அவரே போய்க் கோள் மூட்டினார்.

மன்னர் எக்பர்ட்டை அழைத்துக் காரணம் கேட்டார். காரணம் தங்கள் தாத்தா போட்ட சட்டம் என்றான் அவன். அந்தப் பக்கம் வரும் படகு எதுவானாலும் நிற்க வேண்டும், முழுப் படகையும் காலி செய்து மூன்று நாள் கரையில் இறக்கிவைக்க வேண்டும், ஊரார் விலை கேட்கலாம் என்பது சட்டம். மூன்று நாளில் மீன் நாறிவிடும். அதனால் படகோட்டிகள் இரண்டு ஊர் முன்னதாகவே இறக்கி, மாட்டுவண்டியில் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

மன்னருக்குக் கோபம் வந்தது. "தாத்தாவின் சட்டத்தில் ஓர் எழுத்தைக்கூடத் தொடக் கூடாது. ஆனால் அடுத்த மாதத்துக்குள் துறைமுகம் நிரம்ப வேண்டும். இல்லையென்றால் உனக்குச் சிறை."

"சட்டம் எல்லோருக்கும் பொதுதானே, பிரபு?"

"எல்லோருக்கும்தான்."

எக்பர்ட் வணங்கிவிட்டுப் போனான். மந்திரி சிறைக்கதவுக்கு எண்ணெய் போடச் சொன்னார்.

மறுவாரம் மன்னரும் மந்திரியும் வேட்டை முடித்துப் படகில் திரும்பினார்கள். எக்பர்ட் படகை நிறுத்தினான். காவலர்கள் பதறினார்கள். அவன் சட்டச் சுருளை நீட்டினான். மான் இறங்கியது, பன்றி இறங்கியது, வேட்டை நாய்கள் இறங்கின. பிறகு மன்னரையும் மந்திரியையும் கைகொடுத்து இறக்கி, கரையில் ஆளுக்கொரு பீப்பாயின் மேல் உட்காரவைத்தான்.

"நான் என்ன சரக்கா?" என்று மன்னர் கேட்டார்.

"சட்டத்தில் சரக்கு என்ற சொல்லே இல்லை, பிரபு. முழுப் படகையும் காலி செய்து என்றுதான் இருக்கிறது. மனிதர் நீங்கலாக என்று சேர்த்திருக்கலாம். எழுத்தைத் தொடக் கூடாது என்பது தங்கள் உத்தரவு. இன்னும் மூன்று நாள்தான்."

ஊரே கூடிவிட்டது. மீன்காரி உர்சுலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மீனுக்குச் செவுள் பார்ப்பது போல மன்னரின் காது மடலைத் தூக்கிப் பார்த்தாள். மந்திரியின் கன்னத்தை அழுத்தினாள். யோசித்தாள். பிறகு எக்பர்ட்டின் காதில் ஏதோ முணுமுணுத்தாள்.

மன்னர் துள்ளி எழுந்தார். எழுதுகோல் கேட்டார். பீப்பாயின் மேலேயே வைத்து, தாத்தாவின் சட்டத்தைக் குறுக்கே கோடிழுத்து ரத்து செய்தார்.

இருபதே நாளில் துறைமுகத்தில் படகு கட்ட இடமில்லை. வாத்துகள் கோபித்துக்கொண்டு அக்கரைக்குப் போய்விட்டன. மன்னர் எக்பர்ட்டின் பதவியை ஆயுளுக்கும் நிரந்தரமாக்கினார், தோளில் பட்டுச் சால்வை போட்டார். போட்டவர் கையை எடுக்காமல், பக்கத்தில் நின்ற மந்திரியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"அந்த மீன்காரி அன்று என்ன விலை சொன்னாள்? எனக்கு அதிகமா, இவருக்கு அதிகமா?"

"மன்னிக்க வேண்டும், பிரபு. ஒருவர் நம்பிக் காதில் சொன்னதை வக்கீல் வெளியே விடக் கூடாது. வேலை மாறினாலும் அந்தப் பழக்கம் போகவில்லை."

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து அவர் அரண்மனைக்கு மீன் மட்டும் வேறொரு ஊரிலிருந்துதான் வந்தது.