பழமைவாதிகள் பாடம்

மலை மேல் ஒரு கான்வென்ட். அதன் தலைவி மதர் அமலோற்பவம். அவரிடம் படித்த டெல்பின் இப்போது அங்கேயே சரித்திர டீச்சர்.

ஒரு சனிக்கிழமை மாலை மதர் சமையல்கட்டில் பிளம்ஸ் ஜாம் கிளறிக்கொண்டிருந்தார். டெல்பின் வாசலிலேயே நின்றாள்.

"உள்ளே வா. அங்கேயே நின்னா ஜாம் கிடையாது."

"ஒரு சந்தேகம், மதர்."

"சரித்திரமா, சொந்தமா?"

"சரித்திரம்," என்றாள் டெல்பின், அவசரமாக.

"கேளு."

"இங்கிலாந்து கன்சர்வேட்டிவ் கட்சி பாடம். 'பழமைவாதிகள்'னு போர்டில் எழுதினேன். இருக்கறதை அப்படியே வெச்சுக்கணும்னு நினைச்சவங்கன்னு சொன்னேன். ஒரு பொண்ணு எழுந்துட்டா. 'அப்போ அவங்க தலைவர் பீல், வெளிநாட்டுத் தானியத்துக்கு இருந்த வரியை ஏன் நீக்கினார், மிஸ்? அதே கட்சி டிஸ்ரேலி ஏன் நகரத்துத் தொழிலாளிக்கு ஓட்டு கொடுத்தார்?'னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"பெல் அடிக்கும்னு பார்த்தேன். அடிக்கலை."

மதர் சிரித்தார். கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து நீட்டினார். அதன் ஒரு பக்கம் கறுத்திருந்தது.

"இதை என்ன பண்ணலாம்?"

"தூக்கிப் போடலாம்."

"சரியான பிரெஞ்சுப் புரட்சிக்காரி நீ. கூடையிலேயே விட்டா?"

"மத்ததும் கெட்டுப்போகும்."

மதர் கறுத்த பக்கத்தை வெட்டி எறிந்தார். மிச்சத்தை நறுக்கிச் சட்டியில் போட்டார்.

"இப்போ சட்டியில இருக்கறது பழமா?"

"இல்லை..." டெல்பின் எட்டிப் பார்த்தாள். "பழம்தான்."

"கெட்டதை வெட்டினதால அடுத்த வருஷம் வரைக்கும் இருக்கும். பீலும் டிஸ்ரேலியும் பண்ணினது இதுதான். போர்டில் எழுதின 'பழமை'யில அந்த 'மை'யை அழிச்சிடு, பழம் மிஞ்சும்."

"எது கறுப்பு, எது பழம்னு எப்படித் தெரியும், மதர்?"

"அதுலதான் அவங்களுக்குள்ளேயே சண்டை. பீல் வெட்டின வெட்டுல கட்சியே ரெண்டாச்சு. சரி, இப்போ சொந்தத்தைக் கேளு."

டெல்பினின் கண்கள் நிறைந்துவிட்டன.

"திங்கட்கிழமையிலிருந்து நான் வர மாட்டேன், மதர்."

அவளுக்குக் கைக்குழந்தை. கணவன் கப்பல் வேலையில். பக்கத்து வீட்டு அக்காதான் இதுவரை குழந்தையைப் பார்த்துக்கொண்டார். நாளைக்கு அவர் ஊரைவிட்டே போகிறார். பள்ளிக்கூட வாசலுக்குள் கைக்குழந்தை வரக் கூடாது என்பது கான்வென்ட்டைத் தொடங்கிய முதல் மதர் போட்ட விதி. இன்றுவரை யாரும் மீறியதில்லை.

"வேற யார்கிட்டயும் விட பயமா இருக்கு, மதர். தூங்கறவன் மூக்குல விரலை வெச்சு வெச்சுப் பார்க்கறேன்."

"என்கிட்ட ஏன் கேட்கலை?"

"நீங்க ஜெப மணியைக்கூட ஒரு நிமிஷம் தள்ளினதில்லையே."

"தள்ள மாட்டேன்தான்," என்றார் மதர். "அந்த விதி ஏன் வந்தது, தெரியுமா?"

"குழந்தை அழுதா பாடம் கெடும்னு."

"கெட்டிக்காரி, அது இல்லை. அந்த வருஷம் போர்டிங்ல தங்கின பொண்ணுங்களுக்கு அம்மை போட்டிருந்தது. ஒரு டீச்சர் கைக்குழந்தையோட வந்து நின்னா. அந்தப் பிஞ்சுக்கு ஒட்டிக்கக் கூடாதுன்னு முதல் மதர் கதவைச் சாத்தினாங்க."

டெல்பின் நிமிர்ந்தாள். "குழந்தைக்காகவா?"

"வேற யாருக்காக?"

மதர் அடுப்பைத் தணித்தார்.

"ஸ்டாஃப் ரூம் பக்கத்து அறையைத் திறக்கச் சொல்றேன். நல்ல வெயில் வரும். தும்மறவங்க, இருமறவங்க யாரும் உள்ளே போகக் கூடாது. டிஸ்பென்சரி சிஸ்டர் கூட இருப்பாங்க. இன்டர்வெல்ல நீ போய்ப் பால் கொடு."

டெல்பின் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்காக விதியையே மாத்திட்டீங்களே, மதர்."

"யார் மாத்தினா? அது குழந்தைக்குக் காவல் நிக்க வந்தது. வாசல்ல நின்னது போதும், தொட்டில்கிட்ட போய் நில்லுன்னு சொல்லியிருக்கேன்."