அவசரத்துக்கு ஒரு பெயர்

ராஜலிங்கம் ஒரு காலத்தில் நூல் மில் நடத்தியவர். வயது அறுபத்தைந்து. ஞாயிறுதோறும் காரில் ஆற்றங்கரை ஆசிரமத்துக்கு வந்து, பூரணி அம்மாவின் எதிரே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். அம்மா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் அவருக்குக் குரு அம்மாதான்.

அன்று வியாழக்கிழமையே வந்துவிட்டார். கையில் கனத்த ஃபைல் இருந்தது.

ஐந்து நாடுகள், இருபத்திரண்டு நாட்கள், கப்பலில் தனி அறை, மலை ரயிலில் கண்ணாடிப் பெட்டி. மனைவி சிவகாமி இருந்தபோது இருவருமாகப் போட்ட திட்டம் அது. அவள் இறந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. அவளுக்காகவாவது ஒருமுறை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தார்.

விசாவுக்கு எல்லாம் சரியாக இருந்தது. வீட்டுப் பத்திரம், வரி கட்டிய தாள், வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோ. போட்டோவில் சிரிக்கக் கூடாது என்றார்களாம். அதில் தனக்கு ஒரு கஷ்டமும் இல்லை என்றார்.

விண்ணப்பத் தாளில் ஒரு கட்டத்தை நிரப்புவதில்தான் சிக்கல். அவசரம் என்றால் ஊரில் யாருக்குச் சொல்ல வேண்டும்? ஐந்து தாளிலும் சிவகாமியின் பெயரையும் எண்ணையும் எழுதியிருந்தார். ஏமாற்ற நினைத்து எழுதவில்லை. அந்த இடம் வந்தாலே அவர் கை அதைத்தான் எழுதும். அவளுடைய போனையும் அணையவிடாமல் சார்ஜ் போட்டே வைத்திருந்தார்.

விசா ஏஜெண்டு ஆபீஸ் பெண் சரிபார்ப்பதற்காக அந்த எண்ணைக் கூப்பிட்டாள். அலமாரிக்குள் மணி அடித்தது. அவரே எடுத்து ஹலோ என்றார்.

"நீங்களே எடுத்தா எப்படிங்க சார்?" என்று சிரித்தாளாம். விஷயம் தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டாளாம். கனடாவில் இருக்கும் மகன் பெயர் சரிவராது, ஊரிலேயே ஒருவர் வேண்டும், நாளைக்குள் பெயர் தராவிட்டால் பயணம் நடக்காது என்றும் சொன்னாளாம்.

அவர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் மோர் கொண்டுவந்து வைத்தார். சற்று நின்றார். ராஜலிங்கம் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மோர் வைத்தவர் போய்விட்டார்.

"கல்யாணத்துக்குக் கூப்பிட முந்நூறு பேர் இருக்காங்க, அம்மா. இதுல எழுத ஒருத்தர் கிடைக்கலை. உங்க பேரை எழுதிக்கட்டுங்களா?"

"எழுதிக்கலாம். அதுக்கு முன்னால அந்த நோட்டை எடுங்க."

ஆசிரமத்தில் தங்குகிறவர்களின் விவரம் எழுதும் நோட்டு அது. பெயர், வயது, உடம்புக்கு ஒன்று என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பது. அம்மா ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

பொன்னுசாமி, வயது அறுபத்தெட்டு. சொல்ல வேண்டியவர்: மில் முதலாளி ராஜலிங்கம் ஐயா. கீழே அவருடைய எண்.

ராஜலிங்கம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"யாருங்க இது?"

"உங்க மில்லுல இருபத்தாறு வருசம் வேலை பார்த்தவர். சொந்தம்னு யாரும் இல்லை."

"என்னை ஒரு வார்த்தை கேட்கலையே."

"மில்லை மூடின அன்னிக்கு எல்லார் கையிலயும் கார்டு குடுத்து, எதுன்னாலும் கூப்பிடுங்கன்னு நீங்கதான் சொன்னீங்களாம்."

ராஜலிங்கம் நோட்டில் இருந்த தன் எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"கூப்பிட்டீங்களா?"

"போன ஐப்பசியில நெஞ்சு வலி வந்துச்சு. ஆபீஸ் போன்ல இருந்து மூணு தடவை கூப்பிட்டோம்."

தெரியாத எண் வந்தால் ராஜலிங்கம் எடுப்பதில்லை.

"இப்ப அவர்..."

"மோர் வெச்சுட்டுப் போனாரே, அவர்தான். ஞாயித்துக்கிழமையும் அவர்தான் வெக்கிறார்."

அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. ராஜலிங்கம் இன்னும் மோரைத் தொடவில்லை.

"நான் எடுக்கலைன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் என் பேரை அடிக்காம விட்டிருக்கீங்க?"

அம்மா நோட்டை மூடினார்.

"நான் அடிக்கத்தான் போனேன். அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டார். 'இதை அடிச்சுட்டா அந்த இடத்துல யார் பேரை எழுதுறதுங்க?'ன்னு கேட்டார்."