ஆறாம் லேன்

"அம்மிணி, ஒரே ஒரு கேள்விதானுங்க. நேரா பதில் சொல்லோணும்" என்றார் பல் டாக்டர் நாச்சிமுத்து. "புரொஃபஷனல் ஆட்டக்காரங்களோட நான் மோத முடியுமா, முடியாதா?"

மெஹருன்னிசா ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கேக்கறது நீங்களா, உங்க ஃபிரண்ட்ஸா?"

டாக்டர் திரும்பிப் பார்த்தார். பின்னால் மேசையைச் சுற்றி அவருடைய புதன்கிழமை கோஷ்டி உருளைக்கிழங்கு வறுவலைத் தின்றுகொண்டிருந்தது. ஒருவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

"எல்லாருந்தானுங்க" என்றார் டாக்டர்.

கோவையில் ஒரு வணிக வளாகத்தின் மேல்மாடியில் இருந்தது அந்த பௌலிங் கூடம். மொத்தம் எட்டு லேன்கள். லேன் என்பது நீளமான, வழவழப்பான பலகைப் பாதை. அதன் கோடியில் பத்து வெள்ளைப் பின்கள் நிற்கும். கனத்த பந்தை உருட்டி அவற்றைச் சாய்க்க வேண்டும். ஒரே உருட்டில் பத்தும் விழுந்தால் ஸ்ட்ரைக்.

ஒரு முழு ஆட்டத்தில் அதிகபட்சம் முந்நூறு புள்ளிகள். டாக்டர் ஒரு வருடமாக இருநூறுக்குக் கீழே இறங்கியதில்லை. கூடத்தின் சுவரில் அவர் படம் மாட்டியிருந்தது.

மெஹருக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். மலேசியாவில் சில வருடங்கள் சம்பளத்துக்கு ஆடியவள். இப்போது இங்கே கோச்.

பெங்களூரில் ஒரு பெரிய போட்டி வரவிருந்தது. யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். புரொஃபஷனல்களும் வருவார்கள். மெஹர் தன் ஆட்டக்காரர்களை வேனில் அழைத்துப் போகிறாள். வேனில் ஒரு இடம் காலி.

அந்த இடத்தைத்தான் டாக்டர் கேட்டார். பள்ளிக்கூடத்திலும் சரி, கல்லூரியிலும் சரி, எந்த டீமிலும் அவரை யாரும் சேர்த்துக்கொண்டதில்லை.

"நாளைக்குக் காலையில வாங்க" என்றாள் மெஹர்.

"காலையில கிளினிக் இருக்குதுங்களே."

"அப்பச் சரி" என்று அடுத்த ஷூவை எடுத்தாள்.

"வர்றனுங்க" என்றார் டாக்டர் அவசரமாக.

*

காலையில் கூடம் வேறு மாதிரி இருந்தது. பாட்டு இல்லை. கலர் விளக்குகள் இல்லை. ஆறாம் லேனில் சலவை இயந்திரத்தைப் படுக்கவைத்தது போல் ஒன்று தானாக ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது.

"கூட்டற மெஷினுங்களா?"

மெஹர் பந்தை எடுத்துக் கொடுத்தாள். "அஞ்சாம் லேன்ல போடுங்க" என்றாள்.

டாக்டர் போட்டார். பந்து ஓரமாகப் போய், அழகாக வளைந்து உள்ளே வந்தது. பத்தும் சிதறின.

"இப்ப ஆறுல."

அதே நடை, அதே வீச்சு. பந்து ஓரமாகப் போனது. வளையவில்லை. லேனை ஒட்டிய கால்வாயில் விழுந்து போய்ச் சேர்ந்தது.

பத்துப் பின்களும் அப்படியே நின்றன.

மறுபடி போட்டார். மூன்று விழுந்தன. மறுபடி போட்டார். கால்வாய்.

டாக்டர் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு லேனின் முனையில் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பலகையின் மட்டத்தை நோட்டம் விட்டார்.

"லேன் சாஞ்சிருக்குது அம்மிணி. மேனேஜரைக் கூப்பிடுங்க."

"தொட்டுப் பாருங்க."

தொட்டார். விரலோடு விரலைத் தேய்த்தார். முகர்ந்தார்.

"எண்ணெயா?"

"அந்த மெஷின் எல்லா லேன்லயும் போடும். அஞ்சுல நடுவுல நிறைய, ஓரத்துல கம்மி. உங்க பந்து தப்பி ஓரத்துக்குப் போச்சுன்னா, காஞ்ச பலகை அதைப் புடிச்சு உள்ளே திருப்பி விட்டுரும். ஆறுல அகலம் பூரா ஒரே மாதிரி போட்டிருக்கு. தப்பினா புடிக்க ஆளில்ல."

"பெங்களூர்ல எப்படி?"

மெஹர் ஆறாம் லேனைக் காட்டினாள்.

"அப்ப எதுக்குங்க இங்க அஞ்சு மாதிரி போட்டு வைக்கறாங்க?"

"வர்றவங்க சந்தோஷமா வீட்டுக்குப் போகணுமில்ல டாக்டர்?"

டாக்டர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"என்னோட இருநூறு..."

"பாதி உங்களுது."

"மீதி?"

மெஹர் குனிந்து, பால் கறந்த மாட்டைத் தட்டிக்கொடுப்பது போல, ஐந்தாம் லேனை இரண்டு தட்டு தட்டினாள்.

"அப்ப முடியாதுங்கறீங்க."

"நான் ஒண்ணுமே சொல்லலயே" என்றுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள்.

*

அடுத்த புதன்கிழமை டாக்டர் தானாகவே ஆறாம் லேனுக்குப் போய் நின்றார்.

"ஏனுங்க, நம்ம லேன் இங்கல்ல இருக்குது!" என்று கத்தினார் சுப்புராஜ். நூல் மில் வைத்திருப்பவர். கோஷ்டியில் குரல் அவருக்குத்தான் அதிகம்.

டாக்டர் போட்டார். பந்து பின்களைத் தொடாமல் போனது.

"என்னங்க டாக்டர், பத்துப் பல்லு வரிசையா நிக்குது. ஒண்ணுகூட ஆடலையே!"

"சும்மா இருங்க சுப்பு" என்றார் இன்னொருவர். "இப்பத்தான் ஊசி போட்டிருக்காரு. மரத்துப் போக வேண்டாமா?"

கோஷ்டி மேசையைத் தட்டிச் சிரித்தது. டாக்டரும் சிரித்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

அன்று அவர் நூறைத் தொடவில்லை.

மறுநாள் காலையில் மெஹர் கதவைத் திறக்க வந்தபோது, வாசலில் பந்துப் பையோடு நின்றுகொண்டிருந்தார்.

"கிளினிக்?"

"பத்தரைக்கு மாத்திட்டனுங்க. பல்லு எங்கயும் ஓடிராது."

*

டாக்டர் புதுப் பந்து வாங்கினார். மணிக்கட்டுக்குப் பட்டை வாங்கினார். ஷூவை மாற்றினார். கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போட்டார்.

ஆறாம் லேன் எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை.

மெஹர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பந்து திரும்பி வந்ததும் டாக்டர் அதை மஞ்சள் துண்டால் துடைப்பார். நன்றாக ஆடுகிறவர்கள் எல்லாருமே அப்படித் துடைப்பதை அவர் செல்போனில் பார்த்திருந்தார். பின்களைப் பார்த்து முறைத்துக்கொண்டே, கை தானாகத் துடைக்கும். வாய்க்குள் விடும் கண்ணாடியைத் துடைப்பது போல் ஒரு சொட்டு இல்லாமல் துடைத்துவிடுவார்.

ஒரு நாள் மெஹர் எழுந்து வந்தாள். அவர் கையிலிருந்த துண்டை உருவித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"கோச்! என்ர துண்டு!"

"பந்து வரட்டும்."

பந்து வந்தது. அதன் மேல் ஈரமாக என்னவோ மினுங்கியது.

"என்ன தெரியுது?"

"அழுக்குங்க."

"இன்னொரு தடவை போடுங்க."

போட்டார். பந்து வந்தது.

"என்ன தெரியுது?"

"எண்ணெய்."

"இன்னொரு தடவை."

கிளினிக்கிலிருந்து போன் அடித்து ஓய்ந்தது. டாக்டர் கவனிக்கவில்லை. நெற்றியில் கிடந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். பந்தை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். நோயாளியைத் திருப்புவது போல் மெதுவாக அதைத் திருப்பினார்.

"கோடு" என்றார். "வளையம் வளையமா கோடுங்க. இங்க தடிப்பா இருக்குது. இந்தப் பக்கம் வர வர மெலிசாகுது. அப்ப பந்து போற வழியில எண்ணெய் இங்க வரைக்கும் இருக்குது. இதுக்கப்புறம்..."

தலையைத் தூக்கினார்.

"கோச், இது எக்ஸ்ரேங்க! இத்தனை வருசமா எக்ஸ்ரேயைப் பார்க்காமத் தொடச்சுத் தொடச்சுப் போட்டிருக்கறனே!"

மெஹர் துண்டைக் கழற்றி அவர் தோளில் போட்டாள்.

டாக்டர் லேனைப் பார்த்தார். பந்தைப் பார்த்தார். வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து கொஞ்சம் இடதுபக்கம் நகர்ந்து நின்று போட்டார்.

பந்து போனது. போய்க்கொண்டே இருந்தது. கடைசியில், ஏதோ நினைவு வந்தது போல் உள்ளே திரும்பியது.

ஒன்பது விழுந்தன. பத்தாவது ஆடி ஆடி நின்றுவிட்டது.

"ஒம்பது!" டாக்டர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு குதித்தார். "கோச், ஒம்பதுங்க!"

தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

ஐந்தாம் லேனில் ஒன்பது விழுந்தால் டாக்டர் தலையில் அடித்துக்கொள்வார்.

*

சனிக்கிழமை சாயங்காலம். வளாகத்தின் பின்வாசலில் வேன் நின்றது. ஆட்டக்காரர்கள் உள்ளே உட்கார்ந்தாயிற்று. மெஹர் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வந்தார்.

"கோச், நான் கேட்ட இடத்தை வேற யாருக்காச்சும் குடுத்துருங்க."

"ஏன்?"

"என்ர கேள்விக்குப் பதில் கிடைச்சிருச்சுங்க. முடியாது. ஆறுல நான் நூத்தம்பதைத் தாண்டல. அங்க வர்றவங்க அதே மாதிரி லேன்ல இருநூத்து இருபது போடுவாங்க. போனாக் கடைசி இடந்தான்."

"யாராவது கடைசியா வரணுமில்ல டாக்டர்? மலேசியாவுல ரெண்டு வருசம் நான்தான் வந்தேன்."

"நெசமாவா?"

"லிஸ்ட்ல என் பேரைக் கீழே இருந்துதான் தேடுவாங்க. சீக்கிரம் கிடைச்சிரும்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வருத்தமா இல்லீங்களா?"

"முதல் நாள் இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் ஆட்டம் இருந்துச்சு."

மெஹர் கடைசி மூட்டையையும் உள்ளே தள்ளினாள். "சரி டாக்டர், நாங்க கிளம்பறோம். நீங்க கிளினிக்குக்கா?"

"இல்லீங்க. மேல போறேன். ஆறு காலியா இருக்கும்."

சொல்லிவிட்டும் அவர் போகவில்லை. தோளில் தொங்கிய பந்துப் பையை மறு தோளுக்கு மாற்றினார்.

"ஒண்ணு மட்டும் புரிய மாட்டேங்குதுங்க கோச். நேத்து ஒரே இடத்துல நின்னு ஒரே மாதிரிதான் போட்டேன். முதல்ல சரியா வளைஞ்சுது. போகப் போக மாறிப்போச்சு. பந்தை எடுத்துப் பார்த்தா, கோடு வேற மாதிரி இருக்குது. எண்ணெய் எடம் மாறியிருக்குதுங்க. அங்க நான் ஒருத்தன்தான் இருந்தேன். வேற யாரு மாத்தியிருப்பாங்க?"

"நீங்கதான்."

"நானா?"

"உங்க பந்து. போற வழியில கொஞ்சம் எடுத்துக்கும். கொஞ்சம் தள்ளிக் கொண்டு போய் வச்சிரும்."

டாக்டர் வாயைத் திறந்தபடி நின்றார். தன் நாற்காலியில் உட்காருகிறவர்களை அவர் எவ்வளவு திறக்கச் சொல்வாரோ, அவ்வளவு திறந்திருந்தது.

"அப்ப பெங்களூர்ல ஒரே லேன்ல நாலஞ்சு பேர் போடுவாங்களே?"

"நாலஞ்சு பேரும் மாத்துவாங்க."

"ஒவ்வொருத்தர் பந்தும் ஒவ்வொரு வழியில போகுமே!"

"போகும்."

"அப்ப ஒருத்தர் போட்டுட்டுத் திரும்பறதுக்குள்ள அடுத்தவருக்கு லேனே வேறயா ஆயிருக்குமே!"

"ஆயிருக்கும்."

"அதுவும் போடறவங்க எல்லாம் புரொஃபஷனல்!"

அவர் குரல் அந்தச் சந்து முழுக்கக் கேட்டது. வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார். டாக்டர் கையை நீட்டிக் காற்றில் ஒரு லேனை வரைந்துகொண்டிருந்தார். அதன் மேல் ஒருவர் பந்து போகும் வழி, இன்னொருவர் பந்து போகும் வழி, அதன் மேல் மற்றொருவர் வழி. கண்கள் பளபளத்தன.

மெஹர் வேனின் கதவை இன்னும் அகலமாகத் தள்ளினாள்.

"மாத்துத் துணிகூட எடுத்து வரலீங்களே கோச்!"

"பந்து இருக்குதா?"

"இருக்குதுங்க."

அதை அவர் வேனுக்குள்ளிருந்து சொன்னார்.