தாடையில் ஒரு பள்ளம்

குருவுக்கு இருபத்தாறு வயது. சீடருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. குரு நஸ்ரின் திருச்சியில் கார்ட்டூன் படங்களுக்கு வரைகிறவள். சீடர் தெய்வநாயகம் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். டேப்லெட்டில் வரையக் கற்றுக்கொள்ள ஞாயிறு தவறாமல் அவள் வீட்டுக்கு வந்துவிடுவார். ஸ்டியரிங் பிடித்த ஞாபகத்தில் பேனாவையும் இறுக்கிப் பிடிப்பார். அதைச் சொல்லிச் சொல்லி நஸ்ரினுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். ஆனாலும் அவர் வராத ஞாயிறு அவளுக்கு ஞாயிறாகவே இருக்காது.

அன்று அவர் முகம் தொங்கிப்போயிருந்தது.

“டீச்சர், படத்துல கோடு இன்னும் வழவழன்னு வரணும். என்ன பண்ணலாம்?”

“என்ன அவசரம் ஐயா?”

“எங்க பொண்ணு மலரோட கல்யாணப் பத்திரிகை. போட்டோ வேண்டாம், அப்பா வரைஞ்ச படம்தான் போடணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. சாயங்காலம் அச்சுக்குப் போகணும். காலையில வரைஞ்சு காட்டினேன்.”

“என்ன சொன்னா?”

“அழகா இருக்குப்பா, யாரு இதுன்னு கேட்டா.”

நஸ்ரினுக்குச் சிரிப்பு பீறிட்டது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

படத்தை வாங்கிப் பார்த்தாள். கோடுகளில் பிசிறே இல்லை. முகம் உரித்த முட்டையாக இருந்தது. ஸ்டெபிலைசரைத் திறந்தாள். கை நடுங்கினாலும் கோட்டை நடுங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும் வசதி அது. மனுஷர் அதைக் கடைசிவரை ஏற்றி வைத்திருந்தார்.

“மலருக்குத் தாடையில ஒரு பள்ளம் உண்டே, ஐயா?”

“அந்த இடம் வந்தா கோடு தானா வழுக்கிக்கிட்டுப் போயிடுது டீச்சர். எத்தனை தடவை அழிச்சுப் போட்டாலும் நிக்கல. போய்த் தொலையட்டும்னு விட்டுட்டேன்.”

“எப்படி வந்தது அது?”

தெய்வநாயகம் முகம் மலர்ந்துவிட்டது.

“சின்னதுல சைக்கிள் கத்துக் குடுத்தேன். சீட்டைப் பிடிச்சுக்கிட்டே பின்னால ஓடுவேன். விடுப்பா, விடுப்பான்னு ஒரே கத்தல். ஒருநாள் விட்டேன். தெருமுனை வரைக்கும் போய் லைட் கம்பத்துல மோதிக்கிட்டா. தையல் போடுறப்பகூட அழலை. தனியா ஓட்டினேன்ல, பார்த்தியான்னு கேட்டா.”

நஸ்ரின் ஸ்டெபிலைசரைப் பூஜ்யத்துக்கு இறக்கினாள்.

“இப்ப வரைங்க.”

அவர் வரைந்தார். கன்னத்தில் கோடு நடுங்கியது, காதருகே தடுமாறியது. தாடைக்கு வந்து சட்டென்று உள்ளே போய் வெளியே வந்தது.

பேனாவை எடுத்தார். திரையில் மலர் இருந்தாள். அச்சு அசலாக அவளே. பெற்ற மனசுக்கு அதைவிட என்ன வேண்டும்? அவர் கண் கலங்கிவிட்டது.

ஆனால் கை சும்மா இருக்குமா? ஸ்டெபிலைசரை நோக்கி விரல் போனது.

“கோடு ரொம்ப ஆடுது டீச்சர். சம்பந்தி வீட்டுல பார்ப்பாங்க. கொஞ்சம் ஏத்திக்கிறேனே.”

“நீங்க விட்டதும் சைக்கிள் நேராவா போச்சு?”

“எங்க நேரா? அந்த ஓரத்துக்கும் இந்த ஓரத்துக்கும் ஆடிக்கிட்டே போச்சு.”

“ஆடுதேன்னு ஓடிப்போய்ப் பிடிச்சீங்களா?”

“ஓடினேன். பிடிக்காதப்பா, நான் போறேன்னு சிரிச்சுக்கிட்டே போனா.”

நஸ்ரின் அவர் கையை மெல்லப் பிடித்து மேசைமேல் வைத்தாள்.

“இப்பவும் சிரிச்சுக்கிட்டேதானே போறா, ஐயா?”

தெய்வநாயகம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கை மேசைமேலேயே இருந்தது.