ஈரத்துணி வைத்தியம்

"கார்பரேட்டரை ஒன்பது தடவை கழட்டி மாட்டியாச்சு. இன்னொரு தடவை கழட்டச் சொன்னா மாட்டேன், அம்மணி" என்றார் அருணகிரி.

"நான் சொல்லவே இல்லைங்களே" என்றார் பொற்கொடி.

அருணகிரிக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடம் டாக்சி ஓட்டியவர். அவர் சீடர். கார் பட்டறை வைத்திருக்கும் பொற்கொடிக்கு முப்பத்தொன்று. அவர்தான் குரு. ஊர் சிரித்தது. இருவருமே அதைச் சட்டை செய்யவில்லை.

வம்பு பண்ணியது அருணகிரியின் பழைய கார். சமதரையில் ஓடும். மலை ஏறினால் பெட்ரோல் வராமல் நின்றுவிடும். இன்று மேலே ஏறிக் காட்டாவிட்டால் நாளை காயலான் கடைக்காரர் வந்து தூக்கிக்கொண்டு போவார். மகன் சொல்லி வைத்துவிட்டான்.

"எவன் கை வைக்கிறான்னு பார்த்துடறேன்."

சொன்னாரே தவிர, உள்ளுக்குள் பயந்துதான் இருந்தார்.

இருவரும் கிளம்பினார்கள். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் கார் நின்றது.

அருணகிரி துணியை நனைத்துப் பெட்ரோல் பம்பைச் சுற்றினார். பம்ப் சூடானால் ஈரத்துணி. அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

அரை மணி நேரத்தில் கார் கிளம்பியது.

"பாத்தீங்களா?"

பொற்கொடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

ஏழாவது வளைவில் மறுபடி நின்றது. அவர் துணியை எடுத்தார். பொற்கொடி அதைப் பிடுங்கித் தன் கையைத் துடைத்துக்கொண்டார்.

"கொடுங்க அம்மணி!"

"மாட்டேன்."

"குருன்னு பார்க்கிறேன். இல்லன்னா நடக்கிறதே வேற."

"உட்காருங்கண்ணா."

கறுவிக்கொண்டே பாறையில் உட்கார்ந்தார். அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினார்.

துணி இல்லாமலே கார் கிளம்பியது. அவருக்குச் சப்பென்று அறைந்த மாதிரி இருந்தது.

பதினோராவது வளைவில் நின்றபோது அவர் துணியைத் தேடவில்லை. காரைச் சுற்றி நடந்தார்.

"சும்மா நின்னாலே சரியாகுதுன்னா, அந்த நேரத்துல ஏதோ ஒண்ணு மெதுவா உள்ள போகுது" என்று முணுமுணுத்தார்.

சட்டென்று பெட்ரோல் டாங்கின் மூடியைத் திறந்தார். 'உஸ்ஸ்' என்று டாங்க் காற்றை இழுத்துக்கொண்டது.

மூடியைத் திருப்பிப் பார்த்தார். காற்று போகிற சின்ன ஓட்டையில் பசை. பெட்ரோல் வாசம் அடிக்கிறதென்று போன பொங்கலுக்கு அவரே அடைத்தது. காற்று உள்ளே போகாவிட்டால், ஏற்றத்தில் எஞ்சின் இழுக்கிற வேகத்துக்குப் பெட்ரோல் வராது.

சாவி முனையால் சுரண்டி எறிந்தார். உச்சிவரை கார் எங்கும் நிற்கவில்லை.

மேலே போனதும் மகனுக்குப் போன் போட்டார். "அந்த ஆளை வர வேண்டாம்னு சொல்லு. வந்தா காலை உடைப்பேன்."

பிறகு குருவின் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"போன மாசமே."

"ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்?"

"சொன்னேனே. மூடியைத் திறந்து பாருங்கன்னேன். 'முப்பது வருஷம் டாக்சி ஓட்டினவனுக்கு மூடியைப் பத்திப் பாடமா?'ன்னு கேட்டீங்க."