முள்ளெலி அச்சடித்த வேட்டைப் படம்

பிளாண்டர்ஸ் என்ற குளிர் நாட்டில், ஒரு காட்டில் முள்ளெலி ஒன்று இருந்தது. செப்புத் தகட்டில் மெழுகு பூசி, தன் முள்ளாலேயே கீறிப் படம் வரையும். அமிலத்தில் ஊறவைத்தால் கோடுகள் பள்ளமாகிவிடும். அப்புறம் மை தடவித் தாளை அழுத்த வேண்டியதுதான். வேலையில் கெட்டி. ஆனால் அதில் ஒரு குறை என்று யாரும் வாய் திறக்கக் கூடாது.

அந்த வருஷம் நாரை ஒரு ஓவியம் தீட்டியது. மேலேயிருந்து தான் பார்த்த வேட்டை அது. நடுவில் கிழட்டு ஓக் மரம், அதன் பின்னால் ஏரி. இடப்பக்கம், வேட்டைக்காரர்கள் எப்போதும் வரும் திசையில், குதிரைகளும் நாய்களும். வலப்பக்கம் தூரத்தில், மரத்தடியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத முள்வேலியில் ஒரு சந்து; தப்பிக்க அந்த ஒரு வழிதான். முள்ளெலி அதைப் பார்த்துப் பார்த்து, கோடு பிசகாமல் தகட்டில் இறக்கியது. பனிக்காலம் வந்ததும் நாரை ஓவியத்தைத் தூக்கிக்கொண்டு தெற்கே பறந்துவிட்டது.

முதல் தாளை உரித்தபோது பக்கத்தில் முயல் நின்றிருந்தது.

"என்னண்ணே, நாய்கள் வலப்பக்கம் நிக்குது? சந்து இந்தப் பக்கம் வந்துடுச்சே?"

முள்ளெலிக்குச் சுருக்கென்றது. தாளில் எல்லாம் இடம் வலமாகத் திரும்பி விழும் என்று தகட்டில் மாற்றி வரைந்திருக்க வேண்டும், மறந்து தொலைத்துவிட்டது. இன்னொரு தகடு கீறுவதென்றால் பனிக்காலம் முழுக்கப் போய்விடும்.

"சுவரில் மாட்டி அழகு பார்க்கத்தானே? எந்தப் பக்கம் இருந்தா உனக்கென்ன? வாயை மூடிக்கிட்டுப் போ."

எதற்கு வம்பு என்று முயல் நகர்ந்துவிட்டது.

பிறகு, காட்டுக்குப் புதிதாக வந்த பெண்மான் குட்டியோடு வந்தது.

"அண்ணே, எனக்கு இங்கே வழி தெரியாது. வேட்டைக்காரங்க வந்தா இவளை எங்கே கூட்டிக்கிட்டு ஓடுவேன்? உங்க படத்தில் வழி இருக்காமே. நாரை வரைஞ்ச மாதிரியே இருக்கா?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன கௌரவம் விடவில்லை.

"அச்சு அசல் அப்படியே இருக்கும்மா," என்றது முள்ளெலி.

மான் தாளை வாங்கிப் போய், ஓக் மரத்தடியில் ஏரியைப் பார்த்து நின்று, குட்டிக்கும் காட்டி மனப்பாடம் பண்ணியது.

வேட்டைக் கொம்பு கேட்ட அன்று இரண்டும் அந்த மரத்திலிருந்து இடப்பக்கம் பாய்ந்தன. அங்கே நாய்கள்தான் இருந்தன.

சாயங்காலம் மான் மட்டும் வந்தது. வாயில் கசங்கிய தாள்.

"எத்தனை தடவை பார்த்து வச்சிருந்தேன், அண்ணே. பதற்றத்தில் பக்கம் மாறி ஓடிட்டேன் போல. என் பிள்ளையை நானே கொண்டுபோய்க் கொடுத்துட்டேன்."

இதற்கு மான் தன்னை மிதித்தே கொன்றிருக்கலாம் என்று முள்ளெலிக்குத் தோன்றியது.

"நீ சரியாத்தான் ஓடினே, அம்மா. படம்தான் தப்பு. அது எனக்கு அப்பவே தெரியும்."

மான் தாளைக் கீழே வைத்துவிட்டுப் போனது.

நீதி: தெரிந்த பிழையைக் கௌரவத்துக்காக மறைத்தால், நம்பி வந்தவர்தான் அதற்குப் பலியாவார்.