எல்லை தாண்டிய ஆறு

கார்த்திகை வெள்ளத்தில் ஆறு தன் பழைய வளைவை விட்டு வடக்கே ஒரு குறுக்கு வழி வெட்டிக்கொண்டது. தென்கரை ஜமீன்தார் விசயரங்கருக்குக் கொண்டாட்டம்.

"ஆறுதான் எல்லை. ஆறு நகர்ந்தா எல்லையும் நகரும். இந்தப் பக்கம் வந்த வயலெல்லாம் இனி என்னோடது" என்று ஊரைக் கூட்டிச் சொன்னார். வடகரைக்காரர்களின் சம்பாப் பயிர் முழுவதும் அந்த வயல்களில்தான் நின்றது.

வடகரையில் மடை திறக்கும் இருளாயி முன்னால் வந்து கும்பிட்டாள். "நியாயந்தான் சாமி. அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. பின்னால யாரும் மாத்திப் பேசக் கூடாது பாருங்க."

"உனக்கு இருக்கிற புத்தி இவங்களுக்கு இல்லையே!" ஜமீன்தார் பேனாவைத் திறந்தார்.

"மேற்கே உங்க அரண்மனை வளைவுல ஆறு தென்கரையை அரிக்குது சாமி. நேத்து தொழுவத்துச் சுவர் விழுந்துச்சு. அடுத்த வெள்ளத்துல அரண்மனைக்குப் பின்னால வழி வெட்டிரும். அப்ப அரண்மனை வடகரைக்கு வந்துரும். ஊஞ்சலை மட்டும் கழட்டிட்டுப் போயிராதீங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். ஜமீன்தார் பேனாவை மூடினார்.

"ஆறு போற போக்குக்கெல்லாம் நிலம் கைமாறுமா? பழைய கரையில நட்ட கல்லுதான் எல்லை!" என்று ஊரைப் பார்த்து அதட்டினார்.

"அப்ப அதையே எழுதிக் குடுத்துருங்க சாமி" என்றாள் இருளாயி.

மறுநாள் வடகரைப் பெண்கள் பரிசலில் ஆற்றைக் கடந்துபோய், தங்கள் வயலிலேயே களையெடுத்தார்கள்.